பழுது பார்ப்போம் – 9: மூடித் திறந்தால் கறுப்புத் திரை

ஆரணிப் பக்கம் பெரணமல்லூரில் ஒரு வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால், அது அநேகமாக அரசு கொடுத்ததாகத்தான் இருக்கும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்ய, அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் மாணவர்கள் கைக்குப் போயின. பிளஸ் டூவில் வாங்கிய பிள்ளை காலேஜ் முடித்து, சென்னைக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போய்விட்டது. பெட்டி வீட்டோடு தங்கிவிட்டது. ஆரணிப் பட்டு நெய்கிற வீடுகளில் அதற்கு இன்னமும் வேலை இருக்கிறது. முந்தி, பார்டர், புட்டா படங்களைச் சேர்த்துவைக்க, கூலிக் கணக்குப் போட, வாட்ஸ்அப்பில் வந்த டிசைனைப் பெரிதாக்கிப் பார்க்க என்று தினமும் ஒருமுறையாவது திறக்கிறார்கள்.

அந்தப் பெட்டிகளைப் பற்றி அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று உண்டு. “மூடி வெச்சா தூங்கிடுது சார், திறந்தா எழுந்திருக்க மாட்டேங்குது.” விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு. எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசையாது. கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துச் சாகடித்து, மறுபடி உயிர் கொடுக்க வேண்டியிருக்கிறது. சேமிக்காத வேலை போயே போய்விடும். சர்வீஸ் கடைக்குத் தூக்கிப்போனால் இரண்டே பதில்தான் கிடைக்கும்: “போர்டு போச்சு”, இல்லாவிட்டால் “ஃபார்மட் பண்ணிடலாம்.” இரண்டும் பெரும்பாலும் தவறு. அதிலும் ஃபார்மட் பல நேரங்களில் நோயை முற்றவைக்கிற மருந்து. ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரம் முழுவதும்.

லேப்டாப் தூங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? ஜக்கார்டு தறியில் சாயங்காலம் வேலையை நிறுத்தினால் அட்டை எந்த இடத்தில் நின்றதோ, மறுநாள் காலையில் அங்கிருந்தே டிசைன் தொடர்கிறது அல்லவா, கணினியும் அதைத்தான் செய்யப் பார்க்கிறது. நின்ற இடத்தை எங்கே எழுதிவைப்பது என்பதில் இரண்டு வழி. ஒன்று ஸ்லீப்: பிராசஸர், திரை, டிஸ்க் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ரேமுக்கு மட்டும் துளி மின்சாரம் கொடுத்துக்கொண்டிருப்பது. தொழில்நுட்பக்காரர்கள் இதை எஸ்3 என்பார்கள். இன்னொன்று ஹைபர்னேட், அதாவது எஸ்4: ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுக்கவே அணைந்துபோவது. எஸ்3 ஓரிரு நொடியில் எழும், ஆனால் மின்சாரம் அறுந்தால் எல்லாம் போச்சு. எஸ்4 எழ நேரமாகும், ஆனால் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் பாதகமில்லை.

தூங்குவது சுலபம், எழுவதுதான் கஷ்டம். எஸ்3-இலிருந்து எழும்போது பிராசஸர் பிறந்த குழந்தைபோல, போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரலான பயாஸிலிருந்துதான் தொடங்குகிறது. பயாஸ் சில அடிப்படை வேலைகளை முடித்துவிட்டு, ரேமில் குறித்துவைத்த ஒரு முகவரிக்குத் தாவி, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கையில் பொறுப்பைக் கொடுத்துவிடுகிறது. அந்தக் கணத்தில் கிராஃபிக்ஸ் சிப்புக்கு எதுவும் தெரியாது. சாதாரணமாக ஆன் செய்யும்போது அதைத் தயார்செய்கிற பயாஸ், எழுப்பும்போது அதைச் செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தயார்செய்யும் வித்தை, அந்தச் சிப்பை ஓட்டும் மென்பொருளான டிரைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் கணினி உள்ளே விழித்துக்கொண்டிருக்கும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கறுப்புத் திரையில் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் உயிர் இருக்கிறது, திரைதான் வரவில்லை. விளக்கு அசையாவிட்டால் கணினி அதற்கு முன்பே எங்கோ சிக்கிக்கொண்டது. அடுத்து எதைப் பார்ப்பது என்பதை இந்த ஒரு தட்டலே பாதி சொல்லிவிடும்.

பயாஸும் ஆபரேட்டிங் சிஸ்டமும் இதில் ஒத்துப்போகாததற்குப் பழைய காரணம் இருக்கிறது. 1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏபிஎம் என்ற முறையைக் கொண்டுவந்தன. அதில் எப்போது தூங்குவது, எப்படி எழுவது என்பதையெல்லாம் பெரும்பாலும் பயாஸே பார்த்துக்கொண்டது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் ஏசிபிஐ என்ற புதிய தரத்தை வெளியிட்டன. இதில் முடிவெடுப்பது ஆபரேட்டிங் சிஸ்டம். பயாஸ் தன் வன்பொருளை எப்படி இயக்குவது என்று ஒரு சிறு நிரலாக எழுதிக் கொடுக்கும், சிஸ்டம் அதைப் படித்து நடத்தும். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிரலை எழுதிய கம்பெனிகள் விண்டோஸில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியை விற்றன. அதில் இருந்த தப்பும் தவறும் விண்டோஸில் தெரியவில்லை, இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு சிஸ்டமான லினக்ஸில் தெரிந்தது.

இது தற்செயலாக நடந்ததுதானா என்ற கேள்வி வலுவாகவே எழுந்தது. ஏசிபிஐயின் நீட்சிகளை எப்படியாவது விண்டோஸுக்கு மட்டும் உரியவையாக ஆக்க முடியாதா என்று 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் சகாக்களிடம் கேட்டிருந்தார். நாம் பாடுபட, பலனை லினக்ஸ் சும்மா அனுபவிக்கிறதே என்பதுதான் அவருடைய கவலை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக நடந்த வழக்கில் அந்தக் குறிப்பு ஆவணமாக வெளியே வந்தது. அந்த யோசனை செயலுக்கு வந்ததா என்பது வேறு விஷயம். எப்படியானாலும் விளைவு லினக்ஸ்காரர்கள் தலையில்தான் விடிந்தது. “நீ எந்த விண்டோஸ்?” என்று பயாஸ் கேட்க ஏசிபிஐயில் ஒரு வழி உண்டு. அதற்கு லினக்ஸின் மையமான கர்னல் இன்றுவரை “ஆமாம், நான் அந்த விண்டோஸ்தான்” என்று பதில் சொல்லித்தான் வேலையை நடத்துகிறது. உண்மையைச் சொன்னால் பயாஸ் யாரும் சோதித்துப் பார்க்காத பாதையில் போய் விழுகிறது என்பது அனுபவத்தில் கண்ட பாடம்.

இந்தச் சண்டையின் இரண்டு தரப்பும் நம் விலையில்லா லேப்டாப்பில் ஒரே டிஸ்க்கில் குடியிருந்தன. ஆரம்ப ஆண்டுப் பெட்டிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பாஸ் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, டெபியன் என்ற லினக்ஸை அடியாகக் கொண்டது. மாணவர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு வருத்தம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது. இன்று அந்தப் பெட்டிகளுக்கு நல்ல வாழ்வு கொடுப்பது லினக்ஸ்தான் என்பது என் கருத்து. ஆனாலும் பலர் வீட்டில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

ஃபார்மட் ஏன் நோயை முற்றவைக்கிறது? கடையில் கையிலுள்ள ஏதோ ஒரு விண்டோஸை ஏற்றித் தருவார்கள். அந்தப் பெட்டிக்கே உரிய கிராஃபிக்ஸ் டிரைவர் அதில் இருக்காது. விண்டோஸ் தன்னிடம் உள்ள பொதுவான விஜிஏ டிரைவரை வைத்துப் படம் காட்டும். படம் தெரிகிறது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அந்த டிரைவருக்குத் திரையைத் தூங்கவைத்து எழுப்பத் தெரியாது. அதனால் விண்டோஸ் ஸ்லீப்பையே பூட்டிவிடும். மெனுவில் அந்தச் சொல் மங்கலாக நிற்கும், அழுத்த முடியாது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்-சி-எஃப்-ஜி என்று ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் அடித்து, ஓர் இடம் விட்டு, சிறு கோடு போட்டு, ‘ஏ’ எழுத்தைச் சேர்த்துத் தட்டினால், எந்தெந்தத் தூக்கம் இந்தப் பெட்டியில் சாத்தியம், எது சாத்தியமில்லை, எதனால் என்று பட்டியல் வரும். அங்கே விஜிஏ பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியிருந்தால் போர்டு போகவில்லை, டிரைவர்தான் இல்லை.

டிரைவர் சரியாக இருந்தும் விழிக்கவில்லை என்றால், ஈவென்ட் வியூவரைத் திறந்து ‘சிஸ்டம்’ பதிவுகளைப் பாருங்கள். மூடிய நேரத்தில் கர்னல்-பவர் என்ற பெயரில் 42 என்ற எண் இருந்தால், கணினி தூங்கப் போனது உறுதி. திறந்த பிறகு பவர்-டிரபிள்ஷூட்டர் பெயரில் 1 என்ற எண் வந்திருந்தால், எழுந்ததும் உறுதி. 42 இருக்கிறது, 1 இல்லை, அதற்குப் பதில் கர்னல்-பவர் 41 நிற்கிறது என்றால், எழும் வழியில் விழுந்து, நீங்கள் பட்டனை அழுத்திச் சாகடித்திருக்கிறீர்கள். 42 என்ற எண்ணே இல்லையென்றால் அது தூங்கவே போகவில்லை. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் கைவைப்பது, காய்ச்சலா அடிபட்டதா என்று கேட்காமல் ஊசி போடுவது. நீலத் திரை வந்து அதில் 9எஃப் என முடியும் எண் தெரிந்தால், ஏதோ ஒரு சாதனத்தின் டிரைவர் தூக்கத்துக்கு ஒத்துழைக்க மறுத்தது என்று பொருள். வைஃபை, யுஎஸ்பி டாங்கிள், பிரிண்டர் இவற்றைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான்.

ஆரணிப் பக்கம் ஜக்கார்டு டிசைன் போடுகிற ஒருவரிடம் இப்படி ஒரு பெட்டியைப் பார்த்தேன். விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது, ஆனால் அவருடைய டிசைன் மென்பொருள் அதற்குமேல் எதிலும் ஓடாது. மென்பொருளுக்கு யுஎஸ்பியில் செருகும் ஒரு சாவி உண்டு. அது இருந்தால்தான் திறக்கும். பெட்டி தூங்கி எழும், திரையும் நன்றாக வரும், ஆனால் மென்பொருள் “சாவி இல்லை” என்று சொல்லி உறைந்துவிடும். கட்டம் கட்டமாக நிறம் வைத்த பாதி முந்தி திரையில் நிற்கும், சேமிக்கவும் முடியாது. “அதனால மூடறதே இல்ல சார். ராத்திரி பூரா ஓடட்டும்னு விட்டுடறேன்” என்றார். மூலையில் கீபோர்டுக்குக் கீழே தொட்டால் கை சுட்டது. எட்டு வருஷப் பெட்டியை இரவெல்லாம் ஓடவிட்டால் ஃபேனும் டிஸ்க்கும் எத்தனை நாள் தாங்கும்?

நடந்தது இதுதான். தூங்கும்போது யுஎஸ்பி போர்ட்டுக்கான மின்சாரம் நின்றது. எழுந்ததும் சாவியை விண்டோஸ் புதிய சாதனமாக மறுபடி அடையாளம் கண்டது. மென்பொருளோ பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டு நின்றது. டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றையும் திறந்து, மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிட்டுப் பார்த்தோம். ஒரு போர்ட்டில் சரியானது, மற்றதில் ஆகவில்லை. சாவியை அந்தப் போர்ட்டில்தான் செருக வேண்டும் என்று மார்க்கரால் குறியிட்டுக்கொண்டார். எல்லாப் பெட்டியிலும் இப்படிச் சரியாகும் என்று சொல்ல முடியாது. ஆகாவிட்டால் மூடுவதற்கு முன் சேமித்துவிட்டு மென்பொருளை மட்டும் மூடிவிட்டால் போதும், பெட்டியை இரவெல்லாம் ஓடவிட வேண்டியதில்லை. எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் ‘கம்ப்யூட்டர்’ என்ற தலைப்பின் கீழ் ஏசிபிஐ என்ற சொல் இருக்கிறதா, வெறும் ‘ஸ்டாண்டர்ட் பிசி’ என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால், அந்த எக்ஸ்பி ஏசிபிஐ இல்லாமலேயே நிறுவப்பட்டிருக்கிறது. அதில் எஸ்3 தூக்கத்தைத் தேடி அலைவது வீண்.

லினக்ஸில் இதைக் கண்டுபிடிக்கும் கருவிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. அவை எதையும் மறைப்பதில்லை. கர்னலுக்குள் பிஎம்-டெஸ்ட் என்று ஒரு சோதனை வசதி இருக்கிறது. தூக்கத்துக்குப் போகும் பாதையில் ஐந்து படிகள்: முதலில் ஓடும் நிரல்களை உறையவைப்பது, பிறகு சாதனங்களை நிறுத்துவது, பிறகு பயாஸிடம் தயாராகச் சொல்வது, பிறகு மற்ற பிராசஸர்களை அணைப்பது, கடைசியில் மையப் பகுதி. எந்தப் படி வரை போக வேண்டும் என்று சொன்னால் அதுவரை போய், ஐந்து நொடி நின்று, திரும்பி வரும். முதல் படி வரை போய்த் திரும்புகிறது, இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறது என்றால், குற்றம் ஏதோ ஒரு சாதனத்தின் டிரைவரில் இருக்கிறது. ஐந்தும் ஒழுங்காக முடிந்து, உண்மையான தூக்கத்தில் மட்டும் விழிக்கவில்லை என்றால், பயாஸையும் திரையையும் சந்தேகிக்கலாம்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. எழும் வழியில் கணினி செத்துவிட்டால், எங்கே செத்தது என்று எழுதிவைக்க இடமே இல்லை. டிஸ்க் இன்னும் விழிக்கவில்லை, அணைத்துப் போட்டால் ரேம் அழிந்துவிடும். இதற்கு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2006-இல் ஒரு வழி செய்தார். பெட்டிக்குள் பட்டன் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரம் ஒன்று உண்டல்லவா? நேரம் காட்ட வேண்டிய அந்தக் கடிகாரத்தில், எந்த டிரைவர் வரை வந்தோம் என்பதை ஓர் எண்ணாக மாற்றி எழுதிவிடுவது. பெட்டி செத்த பிறகு மறுபடி ஆன் செய்தால் தேதி ஏதோ சம்பந்தமில்லாத வருஷத்தைக் காட்டும். அந்தத் தப்பான தேதியிலிருந்து கர்னல் எண்ணைப் பிரித்தெடுத்து, பொருந்துகிற சாதனத்தின் பெயரைப் பதிவில் சொல்லும். பிஎம்-டிரேஸ் என்று பெயர். சோதனை முடிந்ததும் தேதியைத் திருத்திவிட வேண்டும், அவ்வளவுதான். பெட்டி பழையதாகி அந்தப் பட்டன் பேட்டரியே தீர்ந்திருந்தால் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. முதலில் சிஆர்2032 என்ற அந்தப் பேட்டரியை மாற்றுங்கள். சில லேப்டாப்களில் ஒயரோடு சேர்ந்து வரும்.

குற்றவாளி தெரிந்துவிட்டால் வைத்தியம் சிறியது. பழைய லினக்ஸ்களில் பிஎம்-யூட்டில்ஸ் என்ற தொகுப்பு தூக்கத்தைக் கவனித்துக்கொண்டது. அது ஒரு பதிவுக் கோப்பும் வைத்திருக்கும். வைஃபை டிரைவர் தொல்லை கொடுத்தால், தூங்குவதற்கு முன் அதை இறக்கிவிட்டு எழுந்ததும் ஏற்றச் சொல்லி அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. கறுப்புத் திரைக்கு அன்று விபிஇ-டூல் என்ற சிறு நிரலை வைத்து வீடியோ பயாஸை மறுபடி ஓடவைத்துப் பார்த்தார்கள். 2009 வாக்கில் திரையைக் கையாளும் பொறுப்பு கர்னலுக்குள்ளேயே வந்த பிறகு, இன்டெல் சிப் உள்ள பெட்டிகளில் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது. அதனால் பழைய பாஸில் விழிக்காத அதே பெட்டி, இன்றைய டெபியனில் ஒரு குறையுமில்லாமல் விழிப்பதை நீங்கள் காணலாம். டிஸ்க்கைத் தொட வேண்டாம். பென் டிரைவிலிருந்து லைவாக ஏற்றி, மூடித் திறந்து பாருங்கள். விழித்தால் வன்பொருள் நலம், போர்டு போய்விட்டது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இரட்டை சிஸ்டம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு லினக்ஸுக்குள் போய், விண்டோஸ் இருக்கும் டிரைவில் எதையும் எழுதக் கூடாது. விண்டோஸ் தன் நினைவில் வைத்திருக்கும் டிஸ்க் ஒன்று, திரும்பி வரும்போது காணும் டிஸ்க் வேறொன்று. கோப்புகள் சிதையும். லினக்ஸ் இதைப் புரிந்துகொண்டு எழுத மறுக்கும், அந்த மறுப்பை மதியுங்கள். கட்டாயப்படுத்தித் திறக்க வழிகள் உண்டு, அந்த வழியில் போகாதீர்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதியால், ஷட்டவுன் கொடுத்தாலே பாதி ஹைபர்னேட்தான் நடக்கிறது. விண்டோஸ் 10 ஏற்றிய பெட்டிகளில் அதை அணைத்துவைப்பது நல்லது. லினக்ஸின் ஹைபர்னேட்டுக்கு, ரேமில் உள்ளதை எழுதிவைக்க டிஸ்க்கில் ஸ்வாப் என்ற இடம் தேவை. ஸ்வாப்பை மறுபடி ஃபார்மட் செய்தால் அதன் அடையாள எண் மாறும். கர்னல் பழைய எண்ணையே தேடிவிட்டுப் புதிதாகத் தொடங்கிவிடும், திறந்துவைத்த வேலை காணாமல் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும், நம் ஊர்களில் எஸ்3 தூக்கம் பொய்த்துப்போக மிகப் பெரிய காரணம் மென்பொருளே அல்ல, பேட்டரிதான். சென்ற வாரம் பார்த்தபடி, பத்து வருஷப் பெட்டியின் பேட்டரி பெயருக்குத்தான் இருக்கும். சார்ஜரோடு தூங்குகிற பெட்டியில் கரண்ட் போனால் அந்தக் கணமே ரேம் காலி. 2012-இல் சென்னைக்கு வெளியே நாள் முழுக்க வாட்டிய மின்வெட்டில், புத்தம் புதிய பேட்டரி இருந்ததால் மாணவர்கள் தப்பினார்கள். இன்று மின்வெட்டு குறைந்துவிட்டது, பேட்டரியும் செத்துவிட்டது. ஐந்து நிமிட கரண்ட் கட் போதும், கணக்கு அழிய. உங்கள் பேட்டரி அப்படிப்பட்டதென்றால், மூடியை மூடினால் ஸ்லீப் அல்ல, ஹைபர்னேட் ஆகும்படி பவர் ஆப்ஷனில் மாற்றுங்கள். பேட்டரி பாதி செத்த நிலையில் இருந்தால், 30 சதவீதம் காட்டிவிட்டுத் திடீரென்று பூஜ்யத்துக்கு விழும். 5 சதவீதத்தில் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று விண்டோஸ் காத்திருப்பது அதற்குள் பயனற்றதாகிவிடும். அந்த அளவை, உங்கள் பேட்டரி விழுகிற அந்த 30-க்கும் மேலே உயர்த்துங்கள். இப்படிப்பட்ட பேட்டரியோடு பயாஸ் அப்டேட் செய்யவே வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் அப்போதுதான் நிஜமாகவே போர்டு போகும்.

சிறு சிறு காரணங்களும் உண்டு. மூடியை மூடியதை அறிவது ஒரு காந்தமும் அதை உணரும் சிறு சிப்பும்தான். காந்தம் வைத்த மொபைல் கவரைக் கீபோர்டு ஓரத்தில் வைத்தாலே சில பெட்டிகள் தூங்கிவிடும். பையில் வைத்த லேப்டாப் தானாக எழுந்து சூடேறினால், மவுஸோ நெட்வொர்க் கார்டோ எழுப்பியிருக்கும். முன்பு சொன்ன பவர்-சி-எஃப்-ஜி கட்டளையோடு ‘லாஸ்ட்வேக்’ என்று சேர்த்துக் கேட்டால் யார் எழுப்பியது என்று சொல்லும்.

எல்லாம் செய்தும் விழிக்காத பெட்டிகள் உண்டு. பயாஸ் தப்பாக எழுதப்பட்டு, கம்பெனியும் கைவிட்ட மாடல்கள் அவை. அவற்றில் மூடியை மூடினால் எதுவும் செய்யாதே என்று வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் ஷட்டவுன் கொடுத்துவிடுங்கள். பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு சின்ன எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் ஆன் ஆகும் நேரம் வெகுவாகக் குறையும். அப்போது தூக்கம் இல்லாத குறை பெரிதாகத் தெரியாது.

ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், கடைக்காரர் கையில் பெட்டியைக் கொடுக்கும் முன் ஒரு வேலை. விண்டோஸ் 7-இல் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர் என்று வரிசையாகத் திறந்து, உள்ளே உள்ள ஃபைல்-ரெபாசிட்டரி என்ற ஃபோல்டரை முழுதாக ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டிக்குரிய டிரைவர்கள் அங்கேதான் இருக்கின்றன. புதிய விண்டோஸ் 7 ஏறியதும், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி போட்ட ஒவ்வொரு சாதனத்துக்கும், பொதுவான விஜிஏ என்று நிற்கிற திரைக்கும் இந்த ஃபோல்டரைக் காட்டினால் தனக்கு வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். 32 பிட் இருந்த இடத்தில் 32 பிட்டையே ஏற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இந்த டிரைவர்கள் பொருந்தாது. கடையிலிருந்து பெட்டியை வாங்கும்போது அங்கேயே மூடி, இரண்டு நிமிடம் பொறுத்து, திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

(தொடரும்)